புழுங்கலும் குக்கரும்: நெகிரி செம்பிலான் தோட்டத்து அடுப்பங்கரை வரலாறு

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் முதலிய வட்டாரத் தோட்டக் குடும்பங்களிலும், தோட்டத்தை விட்டுச் சிரம்பான் போன்ற நகரங்களில் குடியேறிய குடும்பங்களிலும் குக்கர் இல்லாத அடுப்பங்கரையைக் காண்பது இன்று அரிது. ஆயினும் அதனை அன்றாடம் ஆளும் தாய்மாரிடையே ஓர் ஐயம் நெடுநாளாக இருந்து வருகிறது. ஆவியை உள்ளே அடைத்து அவ்வளவு சூட்டில் வேகவைத்தால் உணவின் சத்தெல்லாம் போய்விடாதா என்பதே அவ்வையம். இதற்கு விடை தேட வெளிநாட்டு நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. ஆவியும் சூடும் அரிசியின் சத்தை அழிக்குமா, காக்குமா என்னும் வினாவை உலகம் மனிதரை வைத்தே ஆராய்ந்த இடங்களுள் இம்மாநிலமும் ஒன்று. அவ்வாராய்ச்சிக்கு வித்தாக அமைந்தது, தோட்டத்துத் தமிழர் உண்ட புழுங்கற்சோறு. இச்செய்தி நம் பள்ளிப் புத்தகங்களில் அவ்வளவாக இடம் பெறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை அச்சுறுத்திய நோய்கள் பல. அவற்றுள் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப் போகும், நடை தளரும், சிலருக்கு உடல் வற்றும், சிலருக்குக் கால் முதல் முகம் வரை நீர் கோத்து வீங்கும், இறுதியில் நெஞ்சு அடைத்து உயிர் பிரியும். சுரங்கத்தில் மண் வெட்டிய இருபத்தைந்து வயது இளைஞனும் சில வாரங்களில் கோல் ஊன்றி நடப்பான். ஈயச் சுரங்கங்கள் நிறைந்த சிரம்பான் பகுதியில் சீனத் தொழிலாளர்கள் இந்நோயால் பெருந்தொகையில் மாண்டனர். மருத்துவமனைப் படுக்கைகளும் சிறைக்கூடங்களும் பெரிபெரி நோயாளிகளால் நிரம்பின. கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு மருத்துவ ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதற்கு மலேரியாவோடு இந்நோயும் ஒரு காரணம் ஆகும். அந்நிலையத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் இதனை ஒரு தொற்று நோய் என்றே கொண்டார். கிருமிகளைப் பற்றிய அறிவு புதிதாகப் பரவிய காலம் அது. எந்த நோயைக் கண்டாலும் அதற்கொரு கிருமி இருக்க வேண்டும் என்று மருத்துவர் தேடியதில் வியப்பில்லை.

அக்காலத்தில் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைமை மருத்துவராக இருந்தவர் வில்லியம் லியோனார்டு பிராடன். இவர் நுண்ணோக்கியை விட்டுவிட்டுச் சோற்றுப் பானையைப் பார்த்தார். ஒரே மழை, ஒரே மண், ஒரே கொசு. அவற்றின் நடுவே மூன்று இனத்தார் வாழ்ந்தனர். சீனர் இந்நோயால் சாகின்றனர். கம்பத்து மலாய்க்காரரிடம் இந்நோய் மிக அரிது. தோட்டத்துத் தமிழரிடம் இல்லையென்றே சொல்லலாம். இம்மூவரையும் பிரிப்பது எது? சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லைக் காலால் மிதிக்கும் உரலில் தேவைக்கு ஏற்ப அவ்வப்போது குத்தி உண்டனர். தமிழர் உண்டது புழுங்கலரிசி. பிராடன் தம் கருத்தை 1901ஆம் ஆண்டு முதற்கொண்டே சொல்லி வந்தார். பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றிய அவருடைய பெருநூல் 1907இல் வெளிவந்தது. தமிழர் அரிசியை அவர் 'பதம் செய்த அரிசி' என்ற பொருளில் குறித்தார்.

பிராடனின் முடிவில் பாதி சரி, பாதி தவறு. நோய் வெள்ளை அரிசியால் வருகிறது என்றது சரி. தீட்டி நாட்பட்ட அரிசியில் ஏதோ ஒரு நச்சு உண்டாகிறது, புழுக்கிய அரிசியில் அது உண்டாவதில்லை என்று அவர் கருதியது தவறு. அரிசியில் இருக்கும் ஒன்று கொல்லுகிறது என்று எண்ணினார். அரிசியில் இல்லாத ஒன்று கொல்லுகிறது என்று எண்ணத் தோன்றவில்லை. இல்லாத பொருள் கண்ணுக்குப் படாது அன்றோ!

ஈண்டுப் 'புழுங்கல்' என்னும் சொல்லைச் சிறிது எண்ணிப் பார்ப்பது தமிழாசிரியர்க்குப் பயன்படும். 'புழுங்கு' என்பது தன்வினை. 'புழுக்கு' என்பது பிறவினை. காற்று அசையாமல் ஈரமும் வெம்மையும் சேர்ந்து உடலை வருத்தும்போது புழுங்குகிறது என்கிறோம். அந்நிலைக்குப் புழுக்கம் என்று பெயர். அவித்த உணவைப் 'புழுக்கு' என்றும் 'புழுக்கல்' என்றும் சங்க நூல்கள் வழங்கின. ஈரமும் வெம்மையும் ஒருங்கே அடைபட்டு நிற்றல் என்பதே இச்சொற்கள் அனைத்திலும் ஊடாடும் பொருள். குக்கர் என்னும் கருவி செய்வதும் இதனையே. 'அழுத்தச் சமையற்கலன்' என்று நீளமாக மொழிபெயர்ப்பதைக் காட்டிலும் 'புழுக்குக் கலன்' என்று சொல்லியிருந்தால் நம் பாட்டிமார்க்கும் விளங்கியிருக்கும் என்பது என் எண்ணம். வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை இனி மாற்ற முயல்வது வீண். குக்கர் என்றே எழுதுவோம்.

நெல்லைப் புழுக்கும் முறை தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களின் உழவர் வீடுகளில் பெண்களின் கையில் இருந்தது. கங்காணிகள் ஆள் திரட்டிய ஊர்களும் பெரும்பாலும் இவையே. நெல்லைத் தொட்டியிலோ அண்டாவிலோ நீரில் ஊறவைப்பார்கள். ஊறிய நெல்லை அடியில் சிறிதளவே நீர்விட்ட பெரிய கலத்தில் இட்டு, மேலே சாக்கு மூடி, ஆவி மேல் எழும்பி நெல்லின் வாய் இலேசாகப் பிளக்கும்வரை அவிப்பார்கள். பிறகு களத்தில் பரப்பிக் காலால் துழாவி உலர்த்துவார்கள். வெயில் மிகுந்தால் அரிசி நொறுங்கும்; குறைந்தால் முடை நாற்றம் வீசும். பதம் பார்க்க நாலு மணியைக் கையில் தேய்த்துப் பல்லில் கடித்துப் பார்ப்பதுதான் அளவுகோல். இவ்வாறு அவித்த நெல்லைக் குத்தினால் நொய் குறைவு, பூச்சி எளிதில் அணுகாது, சோறு குழையாது, ஆறிய சோற்றில் நீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலை பழையதாக உண்ணலாம். இத்தனை நன்மைகளும் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். உயிரைக் காக்கும் ஒரு சத்தும் அதில் தங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அன்று வேறு எவருக்கும் தெரியாது.

பிராடனின் கருத்தை மறுக்கும் நோக்கத்தோடுதான் முதற் சோதனை தொடங்கியது. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி பரவியிருந்தது. மருத்துவர் வில்லியம் பிளெட்சர் அங்கிருந்த நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினர்க்குச் சயாம் வெள்ளை அரிசியும் இரட்டைப்படை எண்ணினர்க்கு இந்தியப் புழுங்கலரிசியும் அளிக்கச் செய்தார். 1905 டிசம்பரில் தொடங்கிய இச்சோதனை 1906ஆம் ஆண்டு முடிவுவரை நடந்தது. வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் நான்கில் ஒரு பங்கினர்க்கு மேல் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில், வரும்போதே நோயோடு வந்த இருவரைத் தவிர, புதிதாக ஒருவருக்கும் நோய் இல்லை. பிளெட்சர் தாம் எதிர்பார்த்ததற்கு மாறான முடிவை மறைக்காமல் 1907இல் வெளியிட்டார். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். அதே வேளையில், தம் தட்டில் எந்த அரிசி ஏன் விழுகிறது என்பதை அறிய இயலாத மனநோயாளிகள் 18 பேர் அதற்கு விலை கொடுத்தனர் என்பதையும் சொல்லாமல் விடுவது முறையன்று. இன்று எந்நாட்டிலும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைக்காது.

ஆயினும் ஐயம் தீரவில்லை. மருத்துவமனை பழைய கட்டடம். கிருமி சுவரில் ஒட்டியிருக்கலாம், தரையில் இருக்கலாம் என்றனர். எனவே மனிதர் முன்பு வாழாத புதிய இடம் தேவைப்பட்டது. மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், ஏ. டி. ஸ்டாண்டன் என்னும் இருவரும் நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டத்தில் டுரியான் திப்புஸ் என்னும் இடத்தைத் தேர்ந்தனர். அடர்ந்த காட்டினூடே அங்குச் சாலை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை செய்தோர் ஜாவாவிலிருந்து வந்த ஏறத்தாழ 300 தொழிலாளர்கள். புதுக் காட்டில் புதுக் குடிசை. பழைய நோயின் சுவடே இல்லாத மண். 1907ஆம் ஆண்டு அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் அளித்தனர். மற்ற உணவுப் பொருள்களில் வேறுபாடு இல்லை. ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளை அரிசிப் பிரிவில் பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கலரிசிப் பிரிவில் அறவே இல்லை. பிறகு அரிசியை மாற்றிக் கொடுத்தனர். புழுங்கலுக்கு மாறியவர்களிடம் நோய் நின்றது. வெள்ளைக்கு மாறியவர்களிடம் தோன்றியது. இடத்திலும் இல்லை, இனத்திலும் இல்லை, காற்றிலும் இல்லை. அரிசியிலேயே இருக்கிறது செய்தி என்பது உறுதியாயிற்று.

பிரேசரும் ஸ்டாண்டனும் 1909இல் இதனை வெளியிட்டதோடு நிற்கவில்லை. தீட்டும்போது உதிரும் தவிட்டிலிருந்து சாறு எடுத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். நோய்க்குக் காரணம் நஞ்சன்று, தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்தின் குறைவே என்னும் முடிவுக்கு வந்தனர். அண்டை நாடான ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மான் 1890ஆம் ஆண்டுகளிலேயே கோழிகளிடம் இதனை ஒத்த நோயைக் கண்டிருந்தார். லண்டனில் இருந்த போலந்து நாட்டு அறிஞர் காசிமிர் ஃபங்க் 1912இல் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பெயரைப் படைத்தார். ஜாவாவிலேயே ஜான்சன், டொனாத் என்னும் இருவர் 1926இல் அச்சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். இன்று அதனை பி1 என்றும் தயாமின் என்றும் வழங்குகிறோம். ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. டுரியான் திப்புஸில் சாலை போட்ட ஜாவாக்காரர்களின் பெயர் எங்கும் பேசப்படுவதில்லை. நெல் அவித்த தமிழ்ப் பெண்களின் பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

புழுக்கும்போது நடப்பது என்ன? நெல்லின் பி1 சத்தில் பெரும்பகுதி தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கிறது. அச்சத்து நீரில் கரையும். நெல் ஊறும்போது உமிக்குள் புகும் நீர் அதனைக் கரைத்துக்கொண்டு அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது. ஆவியின் சூடு பட்டவுடன் அரிசியின் மாவுப்பொருள் களிபோல் இறுகி, உள்ளே வந்த சத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அதில் கணிசமான பகுதி அரிசியிலேயே நிற்கிறது. இந்திய உணவுச் சத்துப் பட்டியலின்படி, ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் பி1 சத்து 0.06 மில்லிகிராம், ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியில் 0.21 மில்லிகிராம். கடுமையாக உழைக்கும் ஒருவர் நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி உண்பதாகக் கொண்டால், முதலாவதில் கிடைப்பது 0.30, இரண்டாவதில் 1.05. ஆடவர் ஒருவருக்கு நாளுக்கு வேண்டியது ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். சோறும் உப்பு மீனும் தவிர வேறொன்றும் அறியாத ஏழைக்கு, உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது இந்த வேறுபாடே.

இதே பாடம் தாயகத்திலும் கிடைத்தது. நீலகிரியிலுள்ள குன்னூர் உணவுச் சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு 1930ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்து மாவட்டங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஆலைப் பச்சரிசி உண்ட வடசர்க்கார் பகுதியாகிய ஆந்திரக் கடற்கரையில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் இல்லை. சமைக்குமுன் அரிசியைக் களைவதிலேயே பச்சரிசியின் பி1 சத்து பெருமளவில் போய்விடுகிறது என்றும், புழுங்கலரிசியில் அவ்விழப்பு மிகக் குறைவு என்றும் அக்கூடத்தில் கண்டனர்.

இதைப் படித்துவிட்டுத் தமிழர் அனைவரும் அன்றே விஞ்ஞானிகள் என்று மேடையில் முழங்குவோர் உளர். அது வேண்டா. நம்மவர் புழுங்கலரிசி உண்டது பழக்கத்தால். அதுவும் பெரும்பாலும் கலப்பட்டினியோடு. பெரிபெரி தொடாத அதே தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் நம்மவரைக் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போயின. பல தோட்டங்களில் நிர்வாகமே அரிசியைத் தருவித்து அளந்து கொடுத்து, கூலியில் பிடித்துக்கொண்டது. புழுங்கலை வாங்கித் தந்ததும் கருணையால் அன்று. அது தவிர வேறு அரிசியைத் தமிழர் விரும்பி உண்ணார் என்பதால். ஒரு பழக்கம் தற்செயலாக உயிர் காத்தது என்பதே உண்மை. அந்த உண்மையே போதிய வியப்புடையது.

இனித் தோட்டத்து அடுப்பங்கரைக்கு வருவோம். லயத்து வீட்டின் பின்புறம் மூன்று கல் அடுப்பு. எரிப்பது பெரும்பாலும் உலர்ந்த ரப்பர் விறகு. பெரட்டுக்கு மணி அடிக்கும் முன் சோறும் குழம்பும் ஆக வேண்டும். ஆகவே பொழுது புலரும் முன்பே, இருட்டில் அடுப்பு எரியும். புழுங்கலரிசி வேக நேரம் பிடிக்கும். நிறைய நீர் வைத்து வேகவிட்டு வடிப்பதே முறை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. வடித்த கஞ்சியோடு எஞ்சிய சத்தில் ஒரு பகுதி வெளியேறுகிறது. ஆனால் அக்கஞ்சியை நம்மவர் கொட்டியதில்லை. உப்பிட்டு, கைவசம் இருந்தால் ஒரு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, வேலைக்குப் போகுமுன் குடித்தனர், பிள்ளைகளுக்கும் ஊற்றினர். ஆக, இழந்ததை மறுவழியில் உடலுக்கே சேர்த்தனர். லயத்து ஓரத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றன. கருவாடும் நெத்திலியும் கடையில் கிடைத்தன. இறைச்சி என்பது தீபாவளிக்கும் கோவில் திருவிழாவுக்கும்.

ஜப்பானியர் ஆட்சி இந்த ஒழுங்கைக் குலைத்தது. 1942 முதல் 1945 வரை பர்மா, சயாம் அரிசி வரத்துக் குன்றியது; கிடைத்த அரிசி பங்கீட்டில் சுருங்கியது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. மரவள்ளியில் மாவு உண்டு. பி1 மிகச் சொற்பம். தோட்டப்புறத்தில் ஆறாப் புண்ணும் வீக்கமும் பெருகின. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் கதை தனியே எழுதத் தக்கது. அங்கு மாண்டோரின் நோய்களுள் பெரிபெரியும் ஒன்று.

போருக்குப் பின் தோட்டங்களும் மாறின, நாவும் மாறிற்று. சயாம் வெள்ளை அரிசி எங்கும் கிடைத்தது. வெண்மை மதிப்பாகத் தோன்றிற்று. புழுங்கலுக்கு ஒரு மணம் உண்டு. நெடுநேரம் குளிர்நீரில் ஊறிப் புளித்த நெல்லின் மணம் அது. பள்ளியில் பிற இனப் பிள்ளைகளோடு சேர்ந்து உண்ணும் நம் பிள்ளைகளுக்கு அது கூச்சத்தைத் தந்தது. விறகுச் செலவும் நேரமும் வெள்ளை அரிசிக்குக் குறைவு. ரப்பர் குறைந்து செம்பனை பரவி, குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பெயர்ந்தபின், மின்சாரச் சோற்றுப் பானையில் வெள்ளை அரிசியே குடியேறிற்று. பி1 பற்றாக்குறை இன்று அவ்வளவாக இல்லை. பருப்பும் முட்டையும் இறைச்சியும் அக்குறையை நிரப்புகின்றன. ஆனால் வேறொரு நோய் வந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசிய இந்தியரில் வயது வந்தோர் நூற்றுக்கு 31 பேர் அளவில் நீரிழிவுடையோர். புழுங்கலரிசிச் சோறு பொதுவாக அதே வகை வெள்ளை அரிசிச் சோற்றைவிடச் சற்று மெதுவாகவே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. அதனால் மட்டும் நீரிழிவு தீர்ந்துவிடாது. அளவு மீறி உண்டால் எந்தச் சோறும் ஒன்றே. ஆயினும் புழுங்கலைக் கைவிட்டதற்குச் சொன்ன காரணங்களுள் விறகும் நேரமும் இன்று செல்லா. ஏனெனில் குக்கர் வந்துவிட்டது.

இக்கருவி புதியதன்று. பிரெஞ்சு நாட்டவராகிய டெனி பாப்பின் 1679இல் லண்டனில் இதன் முன்னோடியைச் செய்து காட்டினார். எலும்பையும் மென்மையாக்கும் கலம் என்று அதனைச் சொன்னார். வெடிக்காமல் இருக்க ஆவிப் போக்கும் அடைப்பு ஒன்றும் அமைத்தார். இன்று நம் குக்கரின் தலையில் ஆடும் எடைக்கு அதுவே மூதாதை. இந்தியாவில் பிரெஸ்டீஜ், ஹாக்கின்ஸ் என்னும் இரு பெயர்களில் குக்கர்கள் செய்யப்படத் தொடங்கியது 1959ஆம் ஆண்டையொட்டி. இதற்கிடையே மேல்நாட்டில் வேடிக்கை ஒன்று நிகழ்ந்தது. எரிக் ஹுசென்லாப் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் நெல்லைக் காற்றகற்றிய கலத்தில் ஊறவைத்து, அழுத்த ஆவியில் அவித்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்கு அனுப்பினர். 'அங்கிள் பென்' என்னும் பெயரில் பின்னர் உலகெங்கும் விற்ற அரிசி அதுவே. 2021 முதல் அப்பெயரும் மாறிவிட்டது. நம் பாட்டிமார் சாக்கு மூடிச் செய்ததை அவர்கள் இரும்பு மூடி போட்டுச் செய்தார்கள். நெல்லுக்கே ஒரு குக்கர்! மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தாரும் நெல்லை வெந்நீரில் ஊறவைத்து நேரத்தைச் சுருக்கி, அந்தப் பழைய மணம் எழாமல் புழுக்கும் முறையைப் பரப்பினர். ஆகவே இன்றைய புழுங்கலரிசியில் நாற்றம் என்னும் குற்றச்சாட்டும் பெரும்பாலும் பழங்கதையே.

இப்போது முதலில் எழுப்பிய ஐயத்துக்கு வருவோம். திறந்த பானையில் நீர் 100 பாகைக்கு மேல் சூடேறாது. எவ்வளவு விறகு எரித்தாலும் ஆவியாகத்தான் போகும். குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால் நீர் ஏறத்தாழ 120 பாகையில் கொதிக்கும். பி1 சத்து சூட்டைத் தாங்காதது என்பது மெய். ஆனால் சமையலில் அதனைக் கொல்வது சூடு மட்டும் அன்று. நெடுநேரம் கொதித்தல் ஒன்று. நீரோடு கொட்டிவிடுதல் இரண்டு. சோடா உப்பு மூன்று. பருப்பு விரைவில் குழைய வேண்டுமென்று ஒரு சிட்டிகை சோடா இடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. காரம் சேர்ந்த கொதிநீரில் பி1 விரைவில் அழியும். குக்கரில் சோடாவுக்கு வேலையே இல்லை. வேகும் நேரமும் குறைவு. நீரும் உள்ளேயே நிற்கிறது. சூடு இருபது பாகை கூடுவதால் நேரும் இழப்பைவிட, இம்மூன்றினால் மிஞ்சுவது பொதுவாக அதிகம். குக்கர் சத்தைக் கெடுக்கிறது என்போர், அதில் வைத்த சோற்றையும் காய்கறியையும் வடித்துக் கொட்டும் தம் கையைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

புழுங்கலரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றிரண்டு முறை மட்டும் களைந்து, ஓரளவு அரிசிக்கு மூன்றளவு நீர் என்னும் கணக்கில் குக்கரில் வைத்தால் வடிக்காமலே உதிரியான சோறு கிடைக்கும். நீரின் அளவு அரிசிக்கு அரிசி சிறிது மாறும். இரண்டு நாள் வைத்துப் பார்த்தால் கை பழகிவிடும். நின்றவுடன் மூடியைத் திறக்க முயலாமல், ஆவி தானே அடங்கும்வரை விட வேண்டும். அந்தக் கடைசிப் பத்து நிமிடங்களில்தான் சோறு உள்ளே வேகிறது. நெல் அவித்தபின் சாக்கை உடனே எடுக்காமல் விட்டு வைத்தவர்களுக்கு இது விளங்கும். துவரம்பருப்பில் பி1 சத்து அரிசியைவிடப் பன்மடங்கு உண்டு. 100 கிராமில் ஏறத்தாழ 0.45 மில்லிகிராம். ஆகவே பருப்பு வெந்த நீரை மேலாக இறுத்து ரசத்துக்கு எடுத்துக்கொள்ளும் பழைய முறையைக் குக்கரிலும் விடலாகாது. புளியையும் தக்காளியையும் பருப்போடு முதலிலேயே போட்டால் பருப்பு வேக மறுக்கும். வெந்த பின் சேர்ப்பதே நன்று. கொண்டைக்கடலை, மொச்சை முதலியவை இரவெல்லாம் ஊறினால் காலையில் சில கூவல்களில் பூவாக மலரும்.

சுவையைப் பற்றியும் ஒரு குறை சொல்வதுண்டு. குக்கரில் வெந்த குழம்பில் மசாலை மணம் நிற்பதில்லை என்பர். அதில் உண்மை உண்டு. ஆனால் அது கருவியின் குற்றம் அன்று. மணச்சரக்கை எல்லாம் முதலிலேயே போட்டு அடைத்தால் மணம் ஆவியோடு போகும். ஆட்டிறைச்சியை மஞ்சள், உப்பு, இஞ்சியோடு வேகவிட்டுவிட்டு, பெருஞ்சீரகமும் பட்டையும் கறிவேப்பிலையும் எண்ணெயில் தாளித்துப் பின்னால் கொட்டினால், விறகடுப்பில் மூன்று மணி நேரம் வெந்த குழம்புக்கு அது தாழ்ந்ததன்று. கீரையைக் குக்கரில் வைக்கவே வேண்டா. முருங்கைக்கீரை திறந்த சட்டியில் வேகும் நேரம் குக்கர் ஆவி ஏறும் நேரத்தைவிடக் குறைவு.

சிரம்பான் வாழையிலை உணவகங்களில் பரிமாறுபவர் இன்றும் கேட்கும் முதற் கேள்வி, "வெள்ளையா, புழுங்கலா?" என்பதுதான். கேட்பவரும் விடை சொல்பவரும் பெரும்பாலும் விருப்பத்தை நினைந்தே பேசுகின்றனர். அதே கேள்வியைத்தான் 1907இல் டுரியான் திப்புஸ் காட்டில் இரு மருத்துவர்கள் 300 பேரிடம் கேட்காமலே கேட்டனர். சிரம்பானிலிருந்து ஜெலுபு மலைச் சாலை வழியாகச் செல்வோர் சிம்பாங் டுரியானைத் தாண்டி அவ்வூரை அடையலாம்.